பலாங்கொடைக் கல்லும் காணாமல் போன மலையும்

ஒரு மலைக்கு வயது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும், அந்த மலை இப்போது இல்லவே இல்லை என்றால்?

கேட்பதற்கு விடுகதை மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த விடுகதையை அவிழ்த்த கதையில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் வருகிறார்கள், ஒரு பெரிய கணக்குத் தவறும் வருகிறது. எல்லாம் தொடங்குவது இலங்கையில் கிடைத்த ஒரு சின்னக் கறுப்புக் கல்லில்!

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி, பலாங்கொடை வட்டாரங்கள் இரத்தினக்கற்களுக்குப் பேர் போனவை. ஆற்றுச் சரளையைத் தோண்டி எடுத்து, கூடையில் போட்டுத் தண்ணீரில் அலசினால் லேசான மண்ணும் மணலும் போய்விடும். கனமான கற்கள் அடியில் தங்கும். அதில் நீலக்கல் இருக்கிறதா, புஷ்பராகம் இருக்கிறதா என்று தேடுவார்கள். அப்படித் தங்கிய கற்களுக்கு நடுவே கறுப்பாக, குட்டிக் குட்டிக் கனசதுரங்களாக, அளவுக்குப் பொருந்தாத கனத்தோடு ஒரு வகைக் கல் இருந்தது.

1904-ல் அந்தக் கல்லைக் கவனித்தவர் ஆனந்த குமாரசாமி. ஆமாம், நடராசர் சிலையின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னாரே, அதே குமாரசாமிதான்! கலை ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன் அவர் ஒரு நிலவியலாளர். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் மகன், தாய் ஆங்கிலேயர். லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்துவிட்டு, இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநராக வந்தவர். கறுப்புக் கல்லை அவர் யுரேனியக் கனிமம் என்று நினைத்தார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது அதில் யுரேனியத்தை விடத் தோரியம்தான் மிக அதிகம் என்று தெரிந்தது. அதனால் 'தோரியனைட்' என்று பெயர் வைத்தார்.

அந்தக் காலத்தில் தோரியத்துக்கு நல்ல கிராக்கி. காரணம் அணுசக்தி இல்லை, கேஸ் விளக்கு! பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளை வலை மாதிரி ஒரு மேண்டில் கட்டுவார்களே, பளீரென்று ஒளி தருவதற்கு அதில் தோரியம்தான் சேர்த்தார்கள். ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் கல்மேல் வேறு ஆசை இருந்தது. அப்போதுதான் கதிரியக்கம் என்ற புதிய விஷயம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இலங்கைத் தோரியனைட்டோ கதிரியக்கம் நிறைந்த கல். பிற்காலத்தில் அணுப்பிளவைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ஓட்டோ ஹான், இளைஞராக லண்டனுக்கு வந்து செய்த முதல் கண்டுபிடிப்பே (1905-ல் 'ரேடியோதோரியம்') இந்தக் கல்லிலிருந்து எடுத்த உப்பில்தான்.

சரி, இதற்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைகள் எப்படி உண்டாயின என்று கேட்டால், பூமி மெல்ல மெல்ல ஆறிச் சுருங்குகிறது, வாடிய ஆப்பிள் பழத்தின் தோல் சுருங்குவது போல மேற்பரப்பு மடிந்து மலையாகிறது என்பார்கள். பூமி ஆறுகிறது என்றால் எவ்வளவு காலமாக ஆறுகிறது என்று கணக்குப் போடலாம் அல்லவா? லார்டு கெல்வின் போட்டார். 1862-ல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் என்றவர், 1897-ல் 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகள்தான் என்று இறுக்கிவிட்டார். பாறை அடுக்குகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நிலவியலாளர்களுக்கு இது கொஞ்சமும் போதவில்லை. இத்தனை மலைகள் எழும்பித் தேய்ந்து மறுபடி எழும்ப 4 கோடி ஆண்டுகள் எங்கே போதும்? ஆனால் கெல்வினை எதிர்த்துக் கணக்கில் பேச யாருக்குத் துணிச்சல்! அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெரி மட்டும் 1895-ல், பூமியின் உள்ளே வெப்பம் நினைப்பதை விட எளிதாக நகர்ந்தால் இந்தக் கணக்கு நிற்காது என்று எழுதினார். அதை அப்போது பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1903-ல் பியர் கியூரியும் லபோர்டும் ரேடியம் இடைவிடாமல் வெப்பத்தை வெளியிடுகிறது என்று காட்டினார்கள். அதாவது பூமிக்குள்ளேயே வெப்பம் உற்பத்தியாகிறது. 'ஆறிக்கொண்டிருக்கும் உருண்டை' என்ற அடிப்படையே ஆட்டம் கண்டது. 1904-ல் ரூதர்ஃபோர்டு லண்டனில் இதைப் பற்றி உரையாற்றியபோது, முதல் பாதியில் தூங்கிக்கொண்டிருந்த கெல்வின், பூமியின் வயது என்ற பேச்சு வந்ததும் கண்ணைத் திறந்து முறைத்துப் பார்த்தாராம். ரூதர்ஃபோர்டே பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது.

கதிரியக்கம் பழைய கணக்கை உடைத்ததோடு நிற்கவில்லை. புதிய கடிகாரம் ஒன்றையும் கையில் கொடுத்தது. யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்துகொண்டே போய்க் கடைசியில் காரீயமாகிறது. ஒரு கனிமத்தில் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு காரீயம் என்று அளந்தால் அதன் வயது தெரியும். அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ரம் போல்ட்வுட் 1907-ல் இப்படிப் பல கனிமங்களின் வயதை வெளியிட்டார். குறைந்தது 41 கோடி ஆண்டுகள், அதிகம் 220 கோடி ஆண்டுகள். கெல்வினின் 4 கோடி எங்கே, இது எங்கே!

அந்த 220 கோடிக்குச் சொந்தக்காரர் யார்? இலங்கைத் தோரியனைட்!

அடுத்து வருகிறார் ஆர்தர் ஹோம்ஸ். 1911-ல் வயது 21. லண்டனில் மாணவராக இருந்துகொண்டே நார்வே நாட்டுப் பாறை ஒன்றின் கனிமங்களைப் பகுத்து 37 கோடி ஆண்டுகள் என்று சொன்னார். புதைபடிவங்களை வைத்து டெவோனியன் காலம் என்று பெயர் மட்டும் வைத்திருந்த ஒரு காலத்துக்கு முதன்முறையாக ஆண்டுக் கணக்கு கிடைத்தது. போல்ட்வுட்டின் பழைய அளவீடுகளையும் எடுத்து, சிதைவு வேகத்தின் புதிய மதிப்பை வைத்துத் திருத்தினார். 220 கோடி என்று பேர் வாங்கியிருந்த இலங்கைக் கல் 164 கோடிக்கு இறங்கியது. அப்படியும் அட்டவணையில் மிகப் பழையது அதுதான்.

கட்டுரையை ராயல் சொசைட்டியில் படிக்க ஹோம்ஸால் முடியவில்லை. பணத் தட்டுப்பாடு. கனிமம் தேடும் வேலைக்குச் சம்பளம் கிடைக்கிறது என்று ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்குக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே கனிமம் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை, மலேரியாதான் அகப்பட்டது. ஆள் இறந்துவிட்டார் என்று ஊருக்குத் தந்தி போகும் அளவுக்கு மோசமானது. நல்லவேளை, பிழைத்துத் திரும்பினார். (இந்த மொசாம்பிக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது அந்தக் கணக்குத் தவறு. தோரியனைட்டில் இருக்கும் காரீயம் முழுவதும் யுரேனியத்திலிருந்து வந்தது என்று போல்ட்வுட் நினைத்தார். தோரியம் காரீயமாக மாறாது என்பது அவர் முடிவு. அது தவறு, தோரியமும் காரீயமாகத்தான் முடிகிறது, என்ன, மிக மெதுவாக. இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 100 கிராம் தோரியனைட்டில் தோரியம் 65 கிராம், யுரேனியம் 11 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வயது 55 கோடி ஆண்டுகள். இத்தனை காலத்தில் யுரேனியம் தந்த காரீயம் சுமார் 0.9 கிராம், தோரியம் தந்தது சுமார் 1.6 கிராம், மொத்தம் 2.5 கிராம். யார் கொடுத்தது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதினால் 2.5-ஐ 11-ஆல் வகுக்க வேண்டும்: 0.23. போல்ட்வுட் முறைப்படி அதை 1000 கோடியால் பெருக்கினால் 230 கோடி ஆண்டுகள்! 55 கோடி ஆண்டுக் கல்லுக்கு 230 கோடி. ஒரு வீட்டில் இரண்டு பேர் சம்பாதிப்பது தெரியாமல், இவ்வளவு பணம் சேர்க்க ஒரே ஆள் எத்தனை வருடம் உழைத்திருப்பான் என்று கணக்குப் போட்ட கதைதான்.

எந்தக் காரீயம் எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வழி? 1913-ல் ஃபிரெடரிக் சாடி ஐசோடோப்பு என்ற கருத்தைச் சொன்னார். ஒரே தனிமம், ஆனால் அணுக்களின் எடை வேறு வேறு. அது உண்மையானால் தோரியத்தில் பிறந்த காரீயம் சாதாரணக் காரீயத்தை விடக் கனமாக இருக்க வேண்டும். 1914-ல் சாடியும் ஹைமனும் அளந்து பார்த்தார்கள், கனமாகத்தான் இருந்தது. அவர்கள் அளந்த காரீயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இலங்கையின் தோரைட் கல்லிலிருந்து. தோரியனைட்டுக்கு உறவுக்காரக் கனிமம். தப்பான வயதைக் கொடுத்த நாட்டின் கல்லே அது ஏன் தப்பு என்பதற்கான சாட்சியையும் கொடுத்தது!

ஆனால் கருத்து வந்தவுடன் கடிகாரம் சரியாகிவிடவில்லை. ஐசோடோப்புகளைத் துல்லியமாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வர வேண்டியிருந்தது. 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் நியர் அதைச் செய்து காட்டினார். இன்றைய பாடம் இதுதான்: யுரேனியம் 238 காரீயம் 206 ஆகிறது, அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள், யுரேனியம் 235 காரீயம் 207 ஆகிறது, அரை ஆயுள் 70 கோடி ஆண்டுகள், தோரியம் 232 காரீயம் 208 ஆகிறது, அரை ஆயுள் 1405 கோடி ஆண்டுகள். ஒரே கல்லுக்குள் மூன்று கடிகாரங்கள்! மூன்றும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

1955-ல் ஹோம்ஸ் தீபகற்ப இந்தியா, இலங்கை ஆகியவற்றின் தொன்மையான பாறைகளின் வயதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். இளைஞராக இருந்தபோது 164 கோடி என்று அட்டவணை போட்ட அதே மனிதர். இதற்குள் இலங்கைக் கனிமங்களின் வயது 50 கோடியை ஒட்டி வந்து நின்றிருந்தது. 164-லிருந்து 50-க்கு! உலகிலேயே பழையது என்ற பட்டம் பறிபோனது. ஆனால் அதைவிடச் சுவாரசியமான கேள்வி ஒன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பார்த்தால் அவ்வளவு தொன்மையாகத் தெரியும் பாறைகளில் இவ்வளவு இளைய வயது ஏன்?

இதற்குப் பதில் வேறு ஒரு மலையிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ்.

1960-களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எமிலி யேகர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஆல்ப்ஸ் பாறைகளில் உள்ள மைக்காவின் வயதை அளந்துகொண்டிருந்தார்கள். (மைக்கா என்றால் பளபளவென்று ஏடு ஏடாக உரியுமே, அப்பிரகம், அதுதான்.) கடிகாரம் ருபிடியம் - ஸ்ட்ரான்ஷியம். சில கிரானைட் பாறைகள் உருவாகி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதிலிருக்கும் கறுப்பு மைக்காவோ 2 கோடி ஆண்டு என்கிறது! அதே கல்லில் வெள்ளை மைக்கா இன்னொரு வயது சொல்கிறது. ஒரே கல்லில் மூன்று பதில். அவசரக்காரர்கள் கடிகாரம் கோளாறு என்று தூக்கி எறிந்திருப்பார்கள்.

யேகர் எறியவில்லை. ஒவ்வொரு கனிமமும் உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்றார். ஒரு உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு காசு விழுகிறது. திறந்து எண்ணினால் எத்தனை நாளாகப் போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த உண்டியலுக்கு அடியில் ஒரு மூடி இருந்து, சூடாக இருக்கும்போது மூடி திறந்தே கிடந்தால்? விழும் காசெல்லாம் வெளியே ஓடிவிடும். ஆறிய பிறகு மூடி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு விழுந்த காசு மட்டும்தான் கணக்கில் வரும். கனிமமும் இப்படித்தான். மிகச் சூடாக இருக்கும் வரை சிதைவில் பிறந்த அணுக்கள் அதிலிருந்து நழுவிப் போய்விடுகின்றன. கறுப்பு மைக்காவின் மூடி சுமார் 300 டிகிரி செல்சியஸில் மூடுகிறது. இந்தக் கடிகாரத்தில் வெள்ளை மைக்காவுக்கு சுமார் 500 டிகிரி. சிர்க்கான் என்ற கனிமத்துக்கோ 900 டிகிரிக்கும் மேல். அடுப்பில் போட்டாலும் கணக்கை விடாத கஞ்சன்! 1973-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் டாட்சன் இந்த 'மூடும் வெப்பநிலை'க்கு முறையான கணிதம் எழுதிக் கொடுத்தார்.

இதனால் மலைக்கு என்ன லாபம் என்றால், மலை எழும்பிய வேகமே கிடைத்துவிடுகிறது. ஒரு பாறையில் வெள்ளை மைக்கா 2.5 கோடி ஆண்டு, கறுப்பு மைக்கா 1.8 கோடி ஆண்டு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 500 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்கு ஆற 70 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும். 200 டிகிரி ஆறியது என்றால் அந்தப் பாறை சுமார் 7 கிலோமீட்டர் மேலே வந்திருக்கிறது. 70 லட்சம் ஆண்டுகளில் 7 கிலோமீட்டர், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். நகம் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால்கூட இது மிக மெதுவு. ஆனால் நிற்காமல் நடந்தால் இமயமலையே வந்துவிடும். மேலே மழையும் பனியும் அரித்துக்கொண்டு போக, அடியிலிருந்து பாறை ஏறி ஏறி வருகிறது. இன்று ஆல்ப்ஸில் காலடியில் கிடக்கும் கல் ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த கல்!

இந்தப் பாடத்தோடு இலங்கைக்குத் திரும்புவோம். தோரியனைட்டும் மற்றக் கனிமங்களும் காட்டிய 50 கோடிச் சொச்சம் அந்த நிலம் பிறந்த வயது அல்ல. அது வெந்த வயது. பிற்காலத்தில் சிர்க்கானை ஆராய்ந்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளில் உள்ள சில சிர்க்கான் மணிகளை அறுத்துப் பார்த்தால் நடுவில் 200 கோடி ஆண்டுகளையும் தாண்டிய பழைய கரு இருக்கிறது. அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி புதிதாக வளர்ந்த ஓரம். ஓரத்தின் வயது 55 கோடி ஆண்டுகளை ஒட்டியது. (போல்ட்வுட்டின் 220 கோடி அப்போது சரிதானோ என்று கேட்கக் கூடாது. அவர் அளந்தது இந்தக் கருவை அல்ல. எண் நெருங்கி வந்தது வெறும் தற்செயல்.) கறுப்பு மைக்காவைக் கேட்டால் அதற்கும் பல கோடி ஆண்டுகள் பிந்திய வயது வருகிறது. அதாவது வெந்த பாறை ஆறி மேலே வர அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

வெந்தது எவ்வளவு ஆழத்தில்? அதைச் சொல்வது கனிமங்களின் கூட்டு. தேனி மாவட்டத்தின் கெங்குவார்பட்டிப் பக்கம் சாபிரின் என்ற நீல நிறக் கனிமம் உள்ள பாறைகள் உண்டு. அந்தக் கூட்டு உண்டாக 900 டிகிரிக்கு மேல் சூடும், சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தமும் வேண்டும். யோசித்துப் பாருங்கள், இன்று ஆடு மேயும் தரையில் கிடக்கும் கல், ஒரு காலத்தில் 30 கிலோமீட்டர் பாறையைத் தலையில் சுமந்துகொண்டிருந்தது. அந்த 30 கிலோமீட்டரும் கரைந்து போய்விட்டது. அவ்வளவு தடித்த நிலம் எங்கே இருக்கும்? இரண்டு கண்டங்கள் மோதிய இடத்தில். இன்று இமயமும் திபெத்தும் இருப்பது போல.

காணாமல் போன மலை அதுதான். இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையையோ இலங்கையின் பீதுருதாலகாலையையோ (2524 மீட்டர்) அதன் மிச்சம் என்று நினைத்தால் தவறு. இப்போதைய மேடு பள்ளங்கள் பிற்காலத்தில் வந்தவை. பழைய மலையின் உயரம் முழுக்கப் போய்விட்டது. தரையில் தெரிவது அதன் வேர் மட்டும்.

அந்த வேர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் விட ஆச்சரியம். 1964-ல் கென்னடி என்ற நிலவியலாளர், ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வேறு வேறு வகைப் பாறைகளெல்லாம் 50 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதையே காட்டுவதைக் கவனித்து, 'பான் ஆப்பிரிக்கன்' நிகழ்வு என்று பெயரிட்டார். கென்யா, தான்சானியா, மொசாம்பிக், மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, அண்டார்டிகாவின் ஒரு பகுதி... எல்லா இடத்திலும் இதே காலக் கனிமங்கள். இவையெல்லாம் அப்போது ஒட்டிக்கிடந்தன. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் தைத்துச் சேர்க்கப்பட்டபோது விழுந்த தையல்களில் ஒன்றுதான் இந்த மலைத்தொடர். இரத்தினபுரியின் நீலக்கல்லும் மடகாஸ்கரின் நீலக்கல்லும் ஒரே அடுப்பில் வெந்தவை என்றால் நம்புவீர்களா? பிறகு கோண்டுவானா உடைந்தது, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் போனது, நடுவில் இந்தியப் பெருங்கடல் வந்தது.

மொசாம்பிக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். ஆப்பிரிக்கப் பக்கத்து வேருக்கு 'மொசாம்பிக் பட்டை' என்று 1951-ல் பெயர் வைத்தவர் ஆர்தர் ஹோம்ஸ். 1911-ல் லண்டனில் இலங்கைக் கல்லின் வயதை எழுதி வைத்துவிட்டு, மலேரியாவில் விழுந்து கிடந்தாரே, அந்த நாடும் அந்தக் கல்லும் ஒரே மலையின் இரண்டு முனைகள்! அன்று அவருக்கு அது தெரிய வழியே இல்லை. மலைகள் உண்டாகக் காரணம் சுருங்கும் ஆப்பிள் அல்ல, பூமியின் ஆழத்தில் கதிரியக்க வெப்பத்தால் பாறையே மெல்லச் சுழன்று கண்டங்களை இழுத்துப் போகிறது என்ற எண்ணத்தையும் அவர்தான் 1931-ல் வெளியான கட்டுரையில் விரிவாக எழுதினார். தட்டு நகர்வுக் கொள்கை ஏற்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே! 1965-ல் அவர் இறந்தபோது அந்தக் கொள்கை அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்தக் கடிகாரம் ஒரு கோடு கிழிக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிப் பக்கமாக ஓடும் நசுங்கிய பாறைப் பட்டைக்கு வடக்கே நீலகிரியிலும் சென்னைப் பக்கத்திலும் பாறை வெந்த வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பல்லாவரத்துக் கறுங்கல் இந்த வகை. (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல்லைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறை வகைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார்.) தெற்கே மதுரை, நாகர்கோவில் பக்கம் வந்தால் அதே மாதிரி தெரியும் கல், ஆனால் கடிகாரம் 55 கோடியை ஒட்டி நிற்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டும் இந்த வெந்த பாறைகள் கரைந்து வந்ததுதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைக் கடிகாரம் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு கண்டங்கள் ஒட்டிய இடம் உண்மையில் இந்தப் பட்டைதானா, அல்லது இன்னும் தெற்கே அச்சன்கோவில் பக்கமா என்பதில் நிலவியலாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. கல்லை எடுத்து வயது பார்ப்பதும், அதற்கு வேறு விளக்கம் சொல்வதுமாக ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. 1980-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வில்லியம் காம்ஸ்டன் குழுவினர் ஒரு இயந்திரம் கட்டினார்கள். அதன் சுருக்கப் பெயர் 'ஷ்ரிம்ப்', அதாவது இறால்! பெயர்தான் இறால், ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். அயனிக் கற்றையைப் பாய்ச்சி, முடியின் தடிமனுக்கும் குறைவான ஒரு புள்ளியின் வயதைச் சொல்லிவிடும். சிர்க்கானின் கருவையும் ஓரத்தையும் தனித்தனியாக அளக்க முடிந்தது இப்படிப்பட்ட இயந்திரங்களால்தான். தராசுக்குப் படிக்கல் வேண்டும் இல்லையா, அது போல இந்த இயந்திரத்துக்கும் வயது தெரிந்த ஒரு சிர்க்கான் வேண்டும். கான்பெராவில் அதற்கு எடுத்துக்கொண்டது இலங்கை இரத்தினக்கல் சரளையிலிருந்து வந்த ஒரு சிர்க்கான். 57.2 கோடி ஆண்டு என்று வைத்து உலகப் பாறைகளை எல்லாம் அதோடு ஒப்பிட்டு அளந்தார்கள். பிறகு பார்த்தால் அந்தக் கல் ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் ஒரு மாதிரி! அதை வைத்து அளந்த வயதுகளின் மேலெல்லாம் சந்தேகம் எழுந்தது. மறுபடியும் ஒரு இலங்கைக் கல்லால் குழப்பம்.

இப்போது வேறு படிக்கற்கள் வந்துவிட்டன. அவற்றில் பல ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் ஒன்று 56.13 கோடி ஆண்டு வயது கொண்டது. எந்தப் பக்கம் சுட்டாலும் ஒரே வயது சொல்கிறது. அதுவும் இலங்கைச் சிர்க்கான்தான்.